கண்ணும் கடனும்

நீரிழிவு செல்வர் வீட்டு வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். நெய்யும் பருப்புமாக உண்டு, உடல் அசையாமல் திண்ணையில் சாய்ந்திருப்பவர்களைத்தான் அது பற்றும் என்று ஜனங்கள் நம்பினர். அந்த நம்பிக்கை இன்று அடியோடு பொய்த்துவிட்டது. கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் விடியற்காலையில் வண்டிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். மறைமலை நகர்த் தொழிற்சாலைக்குப் போகிறவர், சென்னைக் கடைகளில் கணக்கெழுதப் போகிறவர், இரவெல்லாம் அடுக்குமாடி வீடுகளைக் காவல் காத்துவிட்டுத் திரும்புகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார் ஆகிய எல்லாரிடத்தும் இந்த வியாதி குடிபுகுந்திருக்கிறது. உழைத்துப் பிழைப்பவரை அது விட்டுவைக்கவில்லை.

இது வெறும் ஊகமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தேசம் முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் வருஷத்தில் வெளியாயின. இந்தியாவில் நீரிழிவு உடையவர் தொகை 10 கோடியே 10 லட்சம் என்று அது மதிப்பிட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 14.4 பேர். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். வயது வந்தோர் ஏழு பேர் கூடிப் பேசும் எந்தத் திண்ணையிலும் ஒருவருக்கு இந்த வியாதி இருக்கும் என்று எண்ணிக் கொள்வதில் பெரிய பிழை இராது.

நீரிழிவைப் பற்றிப் பொதுவாக எழுதுவது இன்று நம் நோக்கமன்று. அதை டாக்டர்கள் எழுதி வருகிறார்கள். அந்த வியாதி கண்ணைப் பற்றும்போது ஒரு குடும்பத்தின் மீதும் சர்க்காரின் மீதும் ஏறுகிற கடனைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். அந்தக் கடன் படிப்படியாக ஏறுகிறது. முதற் படியில் அது அற்பம். கடைசிப் படியில் தாங்க முடியாத பாரம். ஆனால் முதற் படியில் நிற்கும்போது அதை எவரும் கவனிப்பதில்லை. கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் வீடும் விழித்துக் கொள்கிறது, சர்க்காரும் விழித்துக் கொள்கிறது. இதுவே நம் முறையீடு.

ஓசையின்றி வரும் கேடு

கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. நாம் காண்பதெல்லாம் அதன் மீது விழுந்துதான் மூளைக்குப் போகிறது. அந்தப் படலத்திற்கு உணவளிப்பவை மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் மிகுந்திருந்தால் இந்தக் குழாய்களின் சுவர்கள் பழுதாகின்றன. முதலில் அங்கங்கே சிறு கொப்புளங்கள் தோன்றுகின்றன. பிறகு இரத்தமும் நீரும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. உணவு கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை வரவழைத்துக் கொள்கிறது. அவை உறுதியற்றவை. திடீரென்று ஒரு நாள் அவை வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் பரவும். அல்லது தழும்பு கட்டி விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். இதற்கிடையில் பார்வையின் நடுப்புள்ளியில் நீர் கோத்து வீங்கினால், எழுத்தும் முகமும் மங்கிப் போகும்.

இதில் கொடுமை என்னவென்றால், முதற் பல வருஷங்களுக்கு நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை, பார்வையும் தெளிவாகவே இருக்கும். காலில் முள் தைத்தால் உடனே குனிந்து பார்க்கிறோம். கண்ணுக்குள் குழாய் கசிந்தால் யார் பார்ப்பது? பார்வை சற்று மங்கினாலும் வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று எண்ணி மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். வயதானவராயிருந்தால் புரை விழுகிறது, முற்றட்டும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் அந்தக் காலத்தில்தான் வட்டி ஏறுகிறது.

எத்தனை பேருக்கு இந்தக் கேடு நேர்கிறது? சென்னை சங்கர நேத்ராலயா வைத்தியர்கள் முன்னின்று, இந்தியாவின் பல மாகாணங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 2022இல் வெளியாயிற்று. நீரிழிவு உடையவர்களில் நூற்றுக்கு 12.5 பேருக்கு விழித்திரை பழுதுபட்டிருந்தது. நூற்றுக்கு 4 பேருக்குப் பார்வையே பறிபோகும் நிலை. இந்த விகிதத்தை ஆயிரம் நீரிழிவுக்காரர் உள்ள ஓர் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். 875 பேருக்குக் கண்ணில் குறை இல்லை. 125 பேருக்கு உண்டு. அவர்களில் 40 பேர் கிணற்றின் விளிம்பில் நிற்கிறார்கள். ஆயிரம் பேரில் அந்த நாற்பது பேர் யார் யார் என்பதுதான் கேள்வி. பார்த்தாலொழியத் தெரியாது. பார்ப்பதற்கோ ஒரு படம் எடுத்தால் போதும்.

மத்திய சர்க்கார் 2015 முதல் 2019 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பும் இதையே சொல்லிற்று. 50 வயதைக் கடந்த நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 16.9 பேருக்கு விழித்திரைப் பழுது இருந்தது.

படிக்குப் படி ஏறும் செலவு

இனிச் செலவுக்கு வருவோம். முதற் படியில் உள்ளவருக்கு வேண்டியவை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைக்கும் மாத்திரைகள், ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறப் படம், அவ்வளவே. இந்தப் படியில் செய்யும் முயற்சிக்குப் பலன் உண்டா என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. இளமையிலேயே இன்சுலின் தேவைப்படுகிறவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1993இல் வெளியாயிற்று. கண்ணில் பழுது தொடங்காதவர்கள் சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கி வைத்தபோது, பழுது தோன்றும் அபாயம் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நம் நாட்டில் பெருவாரியாகக் காணப்படும் நீரிழிவு வகையைப் பற்றி 1998இல் பிரிட்டனில் வெளியான ஆய்வோ, சிறு இரத்தக் குழாய்க் கேடுகள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்ததைக் காட்டிற்று.

இரண்டாம் படியில் பழுது தொடங்கிவிட்டது. ஆனால் கண்ணுக்கு ஆபத்தில்லை. பரிசோதனையைச் சற்று அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். மூன்றாம் படியில் பழுது முற்றுகிறது; சில மாதங்களுக்கு ஒரு முறை கண் வைத்தியர் பார்த்தாக வேண்டும். நான்காம் படியில் லேசர் ஒளியால் சுடுவதும் கண்ணுக்குள் ஊசி போடுவதும் தொடங்குகின்றன. ஐந்தாம் படி அறுவைச் சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கூழையும் இரத்தத்தையும் தழும்பையும் அகற்றி, விழித்திரையைப் பழையபடி ஒட்ட வைத்து, சில சமயம் எண்ணெய் நிரப்பி, பல மாதம் கழித்து அந்த எண்ணெயை எடுக்க மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் பழைய பார்வை திரும்பும் என்று எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

இந்தப் படிகளில் செலவு எப்படி ஏறுகிறது என்பதைச் சுவீடன் தேசத்தில் ஒரு மாகாணம் முழுவதற்கும் கணக்கிட்டு 2010இல் வெளியிட்டார்கள். ஆரம்பப் பழுது உள்ள ஒருவருக்கு வருஷத்திற்கு 26 யூரோ செலவாயிற்று. புதுக் குழாய்கள் முளைத்த நிலையில் 257 யூரோ. அதனோடு நடுப்புள்ளி வீக்கமும் சேர்ந்தால் 433 யூரோ. முதற் படிக்கும் கடைசிப் படிக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம்! விலையுயர்ந்த ஊசி மருந்துகளில் ஒன்று நீரிழிவால் வரும் கண்வீக்கத்திற்கென்று ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது அதற்குப் பிறகு, 2011இல்தான். ஆகவே அந்தப் பதினாறு மடங்கும் பழைய கணக்கு. இன்றைய ஏற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிகளின் கதையைச் சற்று விவரமாகவே நேயர்கள் அறிய வேண்டும். மூன்று மருந்துகள் வழக்கத்தில் வந்தன. குடற் புற்றுநோய்க்கென்று செய்யப்பட்டு, சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தப்படும் பெவசிசுமாப் ஒன்று. கண்ணுக்கென்றே செய்யப்பட்ட ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்பவை மற்ற இரண்டு. அமெரிக்காவில் இம்மூன்றையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. அப்பொழுது அங்கே முதல் மருந்து ஓர் ஊசிக்கு நூறு டாலருக்கும் குறைவு. இரண்டாவது ஏறக்குறைய 1,200 டாலர். மூன்றாவது 1,900 டாலருக்கும் மேல். முடிவு என்ன? பார்வை சிறிதளவே குறைந்திருந்தவர்களுக்கு மூன்று மருந்தும் ஒரே பலனைத் தந்தன. பார்வை மிகவும் குறைந்த பிறகு வந்தவர்களுக்கோ, முதல் வருஷத்தில், மிகவும் விலையுயர்ந்த மருந்தே அதிகப் பலன் தந்தது.

இதைவிடத் தெளிவான சாட்சியம் நீதிமன்றத்தில்கூடக் கிடைப்பது அரிது. சீக்கிரம் வந்தவனுக்கு மலிவான மருந்தே போதும். தாமதித்து வந்தவன் அதிக விலை கொடுக்க வேண்டும். தாமதத்திற்கு அபராதம் என்பது இங்கே உபமானமன்று. மருந்துக் கடைச் சீட்டில் எழுதப்படும் தொகை.

மலிவான மருந்தில் தொடங்கி, போதாதவர்களுக்கு மட்டும் விலையுயர்ந்ததை மாற்றிக் கொடுக்கலாம் என்று 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியதையும் மறைக்கக் கூடாது. இரண்டு வருஷ முடிவில் பார்வையில் குறைவில்லை. ஆனால் நூற்றுக்கு 70 கண்களுக்கு மாற்று மருந்து தேவைப்பட்டது. நம் தேசத்திலும் ரானிபிசுமாப் மருந்துக்கு ஒப்பான ஒன்றை ஆமதாபாத்துக் கம்பெனியொன்று 2015இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்தவர்கள் இந்தியர்களே. சுதேசித் தொழிலின் இத்தகைய வெற்றி நாம் பெருமைப்பட வேண்டியது. ஆயினும் ஊசி மலிந்தாலும் எண்ணிக்கை மலியவில்லை. மேற்சொன்ன 2015ஆம் வருஷத்து ஆய்வில் முதல் வருஷத்தில் ஒரு கண்ணுக்கு ஒன்பது பத்து ஊசிகள் போட வேண்டியிருந்தது.

கணக்கில் வராத செலவு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். சென்னை எழும்பூரில் 1819ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சர்க்கார் கண் ஆஸ்பத்திரி உலகத்திலேயே மிகப் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இரு நூற்றாண்டுகளாக ஏழைகளின் கண்ணுக்கு அது செய்திருக்கும் சேவையைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். செங்கற்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் உள்ளன. ஆனால் இலவசம் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்கு உட்பட்ட வார்த்தை.

கூடுவாஞ்சேரியில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை உதாரணமாக எண்ணிக் கொள்வோம். அவருக்குக் கண்வீக்கம். வருஷத்தில் பத்து முறை ஊசி. ஒவ்வொரு முறையும் கண்மணியை விரியச் செய்யும் மருந்து விடுவார்கள். அதன் பிறகு பல மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும். தனியே திரும்ப முடியாது. வண்டி ஓட்டவும் கூடாது. ஆகவே மனைவியோ மகனோ கூடப் போக வேண்டும். பத்து ஊசிக்கு இருவருடைய கூலியுமாக இருபது நாள் போயிற்று. இடையிடையே விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கான் படத்திற்கும் பரிசோதனைக்கும் போகும் நாட்கள் வேறு. இரண்டு கண்ணிலும் வியாதி இருந்தால் இன்னும் அதிகம். ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு, பள்ளிக்கூடத்தை விட்டுக் கூட வரும் பிள்ளையின் படிப்பு, இவற்றை எந்த இலாகாவின் புத்தகத்தில் எழுதுகிறார்கள்?

விளைவு என்ன? நாலாவது ஐந்தாவது ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். பார்வை கொஞ்சம் தெளிந்தவுடன், இது போதும், வேலைக்குப் போவோம் என்று நினைக்கிறார்கள். இவர்களை நாம் குறை கூற மாட்டோம். அரிசி வாங்க வேண்டியவன் வேறு எதை நினைப்பான்? ஆனால் வியாதி மன்னிப்பதில்லை. புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு இடையில் நின்றுவிட்டவர்கள், லேசர் செய்துகொண்டு நின்றுவிட்டவர்களைவிட மோசமான நிலைக்கு வந்தனர் என்று அமெரிக்க வைத்தியர்கள் 2019இல் எழுதினர். லேசரோ இரண்டு மூன்று அமர்வில் முடியக் கூடியது. புதுக் குழாய் முளைத்த கண்களில் பார்வை பெரிதும் பறிபோகும் அபாயத்தை அது பாதிக்குமேல் குறைக்கும் என்பது 1970களிலேயே நிரூபணமாகிவிட்டது. மறுபடி மறுபடி வர முடியாத ஏழைக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை வைத்தியர்கள் அவனுடைய வீட்டு நிலையையும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

கடைசிப் படிக்கு அப்பால் ஒரு படி உண்டு. அதுதான் குருட்டுத்தனம். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு நின்றுவிடுகிறது. அதைக் கொண்டு செலவு தீர்ந்தது என்று எந்த அதிகாரியாவது கணக்கெழுதினால் அவர் கண்ணிருந்தும் காணாதவர். ஓட்டுநருக்கு வண்டி போயிற்று. மாமல்லபுரத்தில் கல்லில் உயிர் செதுக்கும் சிற்பிக்கு உளி கையில் இருக்கிறது. உளி படும் இடம் தெரியவில்லை. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலை நம்பி வாழும் மீனவர் வலையின் கிழிசலைக் காண முடியவில்லை. அவரைக் கைப்பிடித்து நடத்த வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டும். ஒரு கண் போக இரண்டு கூலி போகிறது. இது முதியவர்களை மட்டும் தொடும் கேடன்று. நாற்பது ஐம்பது வயதில் குடும்ப பாரம் முழுவதையும் தாங்கி நிற்பவர்களையும் இது விழத் தள்ளுகிறது.

சூணாம்பேட்டின் சாட்சி

இதற்கெல்லாம் பரிகாரம் பெரிய பட்டணங்களில்தான் உண்டு என்று சொல்பவர்களுக்கு நம் ஜில்லாவிலேயே மறுமொழி இருக்கிறது. செய்யூர் வட்டத்தில் சூணாம்பேடு என்று ஓர் ஊர். அப்பொழுது காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்தது. 2019இல் செங்கற்பட்டு தனி ஜில்லாவானபோது இதனுள் வந்தது. அங்கே 2006ஆம் வருஷத்தில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். உலக நீரிழிவு நிதியம் உதவிற்று. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் தொடர்பைத் தந்தது. பரிசோதனைக் கருவிகள் ஏற்றிய ஒரு மோட்டார் வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. கண்ணின் படத்தைக் கிராமத்தில் எடுத்தார்கள். சென்னையில் இருந்த வைத்தியர் அதைப் பார்த்தார்.

பலனைக் கேளுங்கள். 42 கிராமங்களில் வயது வந்தோர் 27,014 பேர். அவர்களில் நூற்றுக்கு 86.5 பேர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தனர். 1,138 பேருக்கு நீரிழிவு. அவர்களில் 1,001 பேர் கண், கால், சிறுநீரகம் முதலிய உறுப்புகளைச் சோதித்துக் கொண்டனர். நூற்றுக்கு 18.2 பேருக்கு விழித்திரைப் பழுது இருந்தது. ஒரே வருஷத்தில் அந்தச் சமூகத்தின் சராசரி இரத்தச் சர்க்கரை அளவு, மூன்று மாதக் கணக்கைக் காட்டும் பரிசோதனையில், 9.3இலிருந்து 8.5ஆக இறங்கிற்று. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு ஊரிலேயே முடிந்தது.

கிராமத்து ஜனங்கள் அறிவற்றவர்கள், கூப்பிட்டாலும் பரிசோதனைக்கு வர மாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சூணாம்பேட்டில் பத்தில் ஒன்பது நீரிழிவுக்காரர் வந்தார்களே! வாசலுக்குக் கொண்டுபோனால் வருகிறார்கள்; முப்பது நாற்பது மைல் தள்ளி வைத்துவிட்டு வரவில்லை என்று பழி சுமத்துவது நியாயமன்று.

ஆட்சேபணைகளும் சமாதானமும்

எல்லாருக்கும் வருஷந்தோறும் கண்படம் எடுக்கப் பணம் ஏது என்று கேட்பார்கள். இது கேட்கத் தக்க கேள்விதான். ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனை என்பது வைத்தியர்கள் சொல்லும் பொது விதி. ஆனால் சங்கர நேத்ராலயா கிராமங்களில் நடத்திய தொலைதூரக் கண் பரிசோதனையை வைத்து லண்டன் நிபுணர்கள் கணக்கிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு முறைகூடப் பரிசோதியாமல் விடுவதைக் காட்டிலும், வாழ்நாளில் ஒரு முறை பரிசோதிப்பதே செலவுக்குத் தக்க பலன் தரும் என்று அது கண்டது. இரண்டு வருஷத்திற்கு ஒரு முறை செய்தாலும் செலவு வீண் போகாது. கிராமங்களில் எல்லாருக்கும் வருஷந்தோறும் என்றால்தான் செலவு மிஞ்சுகிறது. இங்கிலாந்திலும் 2023 அக்டோபர் முதல், பழுதில்லாத கண்ணுடையோருக்கு இரண்டு வருஷத்திற்கொரு முறை போதும் என்று மாற்றினார்கள். ஆகவே பணமில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. குறையில்லாத கண்ணுக்கு இரண்டு வருஷத்திற்கொரு முறை. குறை கண்ட கண்ணுக்கு அடிக்கடி. ஒரு முறைகூடப் பாராமல் இருப்பதற்கு மட்டும் எந்தக் கணக்கும் ஆதரவு தராது.

அதே இங்கிலாந்தில் 2003 முதல் தேசம் முழுவதும் நீரிழிவுக்காரருக்குக் கண்படம் எடுக்கும் ஏற்பாடு வந்தது. உழைக்கும் வயதினரிடையே குருட்டுத்தனத்திற்கு முதற் காரணமாக ஐம்பது வருஷமாய் இருந்து வந்த இந்த வியாதி, 2009–10ஆம் வருஷத்துக் கணக்கில் அந்த இடத்தை இழந்தது. இதற்குக் கண்படமே தனிக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முக்கியமான காரணங்களில் அது ஒன்று என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

அடுத்த ஆட்சேபணை, அவ்வளவு கண் வைத்தியர்கள் எங்கே என்பது. படம் எடுக்க வைத்தியர் தேவையில்லை. பழகிய நர்ஸ் எடுக்கலாம். அண்டை மாகாணமான கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் 2018இல் தொடங்கிய ‘நயனாமிர்தம்’ என்னும் திட்டத்தில் சர்க்கார் சுகாதார நிலைய நர்ஸுகள் கையடக்கக் காமிராவால் அதைச் செய்து காட்டினார்கள். அத்தகைய காமிராக்கள் நம் பெங்களூரிலேயே தயாராகின்றன. படத்தைப் பார்த்துக் குறை சொல்ல இயந்திரங்களுக்கும் கற்றுக் கொடுத்தாயிற்று. 2016இல் வெளியான பெயர் பெற்ற ஆராய்ச்சி ஒன்றில் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித் தந்த படங்களில், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய இந்திய ஆஸ்பத்திரிகளின் படங்களும் இருந்தன. நம் ஜனங்களின் கண்கள் உலகத்திற்குப் பாடம் சொல்லியிருக்கின்றன. அந்தப் பாடத்தின் பயன் நம் ஊர்ச் சுகாதார நிலையத்திற்கு வர வேண்டாமா?

செய்ய வேண்டியது

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடிச் சென்றன. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் மாத்திரை எட்டிய வீடுகள் அனைத்திற்கும் கண் பரிசோதனை எட்டிற்று என்று எவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. காப்பீட்டுத் திட்டங்களோ பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் பெரிய சிகிச்சைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. வியாதி முற்றினால் பணம் தருகிற ஏற்பாடு இருக்கும்போது, முற்றாமல் தடுக்கிற சிறு செலவுக்கு மட்டும் கை நடுங்குவானேன்? நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுகிறோம். அந்தக் கோடாலிக்கும் விலை கொடுக்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, சர்க்கரை மாத்திரை எங்கே வழங்கப்படுகிறதோ அங்கேயே கண்படமும் எடுக்கப்பட வேண்டும். நந்திவரத்திலும் ஊரப்பாக்கத்திலும் திருப்போரூரிலும் உள்ளவர்கள் இதற்காக ரயிலேறவோ பஸ்ஸேறவோ கூடாது. இரண்டாவது, குறை கண்டவருக்கு வெறும் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாமல், இன்ன நாள், இன்ன ஆஸ்பத்திரி என்று தேதி குறித்துக் கொடுக்க வேண்டும். வராதவர் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். மூன்றாவது, லேசர் கருவியும் அதை இயக்கும் வைத்தியரும் ஜில்லாத் தலைநகரில் என்றும் தவறாமல் இருக்க வேண்டும். சிகிச்சை இல்லாத இடத்தில் வியாதியைக் கண்டுபிடித்துச் சொல்வது தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்பீலுக்கு வழியடைப்பது போலாகும். நான்காவது, ஊசிக்கும் லேசருக்கும் வரும் ஏழைக்கும் கூட வருபவருக்கும் வழிச் செலவாவது கொடுக்க வேண்டும். பாதியில் நின்றுபோகும் சிகிச்சைக்குச் சர்க்கார் செலவிட்ட பணம் முழுவதும் வீணாவதைக் காட்டிலும் இது சிறு தொகை.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தேச சேவையில் ஈடுபட்ட தொண்டர்களுக்கும் வாசகசாலைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்கிறோம். கூட்டம் கூட்டத் தெரிந்த உங்களுக்கு ஒரு தெருவில் நீரிழிவு உள்ளவர்களின் பட்டியல் எடுப்பது கடினமன்று. அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று?” இல்லை என்பவர்களே அதிகமாயிருப்பார்கள். பார்வை நன்றாயிருக்கிறதே, எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். பார்வை நன்றாயிருக்கும்போதே போக வேண்டும் என்பதுதான் இதன் விதி என்று எடுத்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நீரிழிவு முன்பே இருந்தால் இன்னும் அவசரம் என்றும் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி மாற்றுவது கண் பரிசோதனை ஆகாது என்பதையும் விளக்குங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொன்னது யாரையும் பரிகசிப்பதற்கன்று, எச்சரிப்பதற்கு. ஆயிரம் நீரிழிவுக்காரரில் விளிம்பில் நிற்கும் அந்த நாற்பது பேர் இன்று காலையும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். தமக்கு ஒன்றுமில்லை என்றே அவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கும் செலவு இந்த வருஷத்தில் சிறியது. அடுத்த வருஷத்தில் அது வேறு தொகை. சட்டசபையில் வரவு செலவுத் திட்டம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.